பேய் அறையில் இரவு தங்கப் போகிறவர்களுக்கு ஒரு தூக்க மருத்துவர் சொல்ல நினைப்பது

பழைய ஹோட்டல்கள் பலவற்றில் "அந்த அறை" என்று ஒன்று இருக்கும். ஒரு காலத்தில் பயந்து ஒதுக்கப்பட்ட அறை, இப்போது அதையே கேட்டு வாங்கித் தங்குகிறார்கள். மீட்டர், கேமரா, ரெக்கார்டர் எல்லாம் தூக்கிக்கொண்டு போய் விடிய விடிய உட்கார்ந்து ஆராய்கிறார்கள். அப்படிப் போய்வந்தவர்களில் சிலர் பிறகு என் கிளினிக்குக்கு வருகிறார்கள். தூக்கம் வரவில்லை, விளக்கை அணைக்க முடியவில்லை என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் பேசவிட்டால் அறையின் கதை மெதுவாக வெளியே வரும். சொல்லும்போதே, நான் சிரிக்கிறேனா என்று என் முகத்தைப் பார்ப்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வருவதில்லை. மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்தார்கள் என்று ஒருவர் சொன்னால், அந்தப் பாரம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடுவதுதான் என் வேலை. ஆய்வுக் குழு ஒன்று அழைத்ததால் அப்படிப்பட்ட ஓர் அறையில் நானும் ஓர் இரவு அவர்களோடு இருந்திருக்கிறேன். அங்கே கவனித்ததையும் கிளினிக்கில் கேட்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அந்த அறைக்குள் எடுத்துப்போகும் கருவிகளிலேயே மிக எளிதில் தடுமாறக்கூடியது, இரவெல்லாம் கண்விழித்த மனித உடல். குழுக்கள் மீட்டருக்குப் புது பேட்டரி போடுகின்றன; உடலை மட்டும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உயிரை எடுக்கக்கூடியது அதுதான்.

1921-ல் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், கண் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு குடும்பத்தின் கதையைப் பதிவு செய்தார். 1912-ல் அவர்கள் ஒரு பெரிய பழைய வீட்டுக்குக் குடிவந்தார்கள். சில நாட்களில் ஆளில்லாத மாடியில் காலடிச் சத்தம் கேட்டது. யாரோ பின்னாலேயே வருவதுபோல் இருந்தது. குழந்தைகள் வெளிறிப் போனார்கள், எல்லோருக்கும் தலைவலி, தொட்டிச் செடிகள் பட்டுப்போயின. இரவில் உருவங்கள் தெரிந்தன. கடைசியில் பார்த்தால், வீட்டைச் சூடாக்கும் உலையின் புகை வெளியே போகாமல் அறைகளுக்குள் வந்துகொண்டிருந்தது. கார்பன் மோனாக்சைடு நஞ்சு. உலையைச் சரிசெய்ததும் பேயும் போயிற்று, தலைவலியும் போயிற்று.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், பிறகு குழப்பம். தூக்கத்தில் இருப்பவர் இந்தப் படிகளைத் தாண்டி நேராக மயக்கத்துக்குப் போய்விடலாம். பழைய கட்டடத்தில் எரிவாயு ஹீட்டர், அடைபட்ட புகைபோக்கி, கீழ்த்தளத்தில் கொதிகலன் இருந்தால் நான் பேயைப் பற்றி யோசிக்கவே மாட்டேன். முதலில் ஜன்னலைத் திறப்பேன். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: அமெரிக்கத் தரவிதிப்படி தயாரான அலாரம் 70 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 70 பங்கு) அளவில் ஒரு மணி நேரம் வரை சத்தமே போடாது, 400 பிபிஎம் என்றால் 4 முதல் 15 நிமிடத்துக்குள் அடிக்கும். எனவே அலாரம் அடிக்கவில்லை என்றாலும், ஒரே அறையில் இருக்கும் இரண்டு பேருக்குத் தலைவலி வந்தால் உடனே வெளியேற வேண்டும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே எண்ணி 98, 99 என்று காட்டும்.

பேய்க்கதைகளின் வேரில் சில சமயம் இதேபோல் ஒரு பாதுகாப்புக் கோளாறு கிடக்கிறது. கொலராடோவில் 1909-ல் திறந்த ஸ்டான்லி ஹோட்டலின் 217-ம் எண் அறை உலகப் புகழ்பெற்றது. 1911-ல் அங்கே விளக்குக்கான வாயு கசிந்து நிறைந்திருந்தபோது, அறைப் பணிப்பெண் தீபத்தோடு உள்ளே நுழைய, வெடித்தது. பலத்த காயம், ஆனால் அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். அந்த அறையைச் சுற்றிச் சொல்லப்படும் பேய்க்கதைகள் அவரோடுதான் இணைத்துப் பேசப்படுகின்றன.

நான் போன அறைக்கு வருகிறேன். கனத்த திரைச்சீலை, தேக்கு அலமாரி, ஆளுயரக் கண்ணாடி பதித்த ஒப்பனை மேசை. குழு கருவிகளைப் பரப்பிவிட்டு விளக்கை அணைத்தது. மின்காந்தப் புலத்தை அளக்கும் இ.எம்.எஃப். மீட்டரின் சின்னச் சிவப்புப் புள்ளி மட்டும் தெரிந்தது. சற்று நேரத்தில் ஓர் இளைஞர், "அது நகருது" என்றார். "ஆமா, ஜன்னல் பக்கமா" என்றார் இன்னொருவர். அதன் பிறகு எல்லோருக்கும் அது ஜன்னல் பக்கம்தான் நகர்ந்தது. மேசையில் மீட்டரின் ஓரத்தை ஒட்டி நான் முன்பே பிளாஸ்டர் ஒட்டியிருந்தேன். விளக்கைப் போட்டுப் பார்த்தோம், மீட்டர் ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

கும்மிருட்டில் அசையாத ஒளிப்புள்ளி அசைவதுபோல் தெரிவது எல்லாக் கண்களுக்கும் நடப்பது. ஒப்பிட்டுப் பார்க்கச் சுவரோ விளிம்போ தெரியாதபோது, கண்ணின் சிறு நடுக்கத்தை மூளை புள்ளியின் அசைவாக எடுத்துக்கொள்கிறது. முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் 1935-ல் இதை வைத்து ஒரு சோதனை செய்தார். புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று தனித்தனியாகக் கேட்டபோது ஆளுக்கொரு பதில் சொன்னவர்கள், கூட்டமாக உட்கார்ந்து சொல்லும்போது மெல்ல மெல்ல ஒரே பதிலுக்கு வந்து சேர்ந்தார்கள். "நாங்கள் நாலு பேருமே பார்த்தோம்" என்பது சாட்சி நாலு ஆனதாகத் தோன்றும். ஒருவர் முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அதன் பிறகு அது ஒரே சாட்சிதான்.

கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஓர் இடம் சில்லென்று இருந்தது. அகச்சிவப்பு வெப்பமானியை அங்கே நீட்டி அளந்தார்கள். அந்தக் கருவி காற்றின் சூட்டை அளக்காது. காற்றைத் தாண்டி எதிரே இருக்கும் சுவரின் சூட்டைச் சொல்லும். ஒரு டிஷ்யூ காகிதத்தைக் கீற்றாகக் கிழித்து நூலில் கட்டித் தொங்கவிட்டேன். கீற்று ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது. தரைப் பலகைக்கும் சுவருக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி. அதன் வழியே காற்று வந்துகொண்டிருந்தது.

ஒப்பனை மேசைக் கண்ணாடியை வைத்துச் சில குழுக்கள் ஒரு சோதனை செய்வார்கள், மங்கிய வெளிச்சத்தில் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது. தயவுசெய்து வேண்டாம், குறிப்பாகப் பயந்த சுபாவம் உள்ளவர்கள். இத்தாலிய ஆய்வாளர் கபுட்டோ 2010-ல் இதை முறையாகச் செய்து பார்த்தார். மங்கலான அறையில் பத்து நிமிடம் தங்கள் முகத்தையே பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு முகம் கோரமாக உருமாறித் தெரிந்தது. சிலருக்கு முன்பின் தெரியாத முகம் தெரிந்தது. அந்த அறைக்கு எந்தக் கதையும் இருக்கவில்லை.

மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இப்போது பலர் பேசுகிறார்கள். 1998-ல் விக் டாண்டி என்ற பொறியாளர், ஆய்வகத்தில் தான் கண்ட சாம்பல் நிற உருவத்தை, விசிறி ஒன்று எழுப்பிய சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வோடு தொடர்புபடுத்தி எழுதினார். நல்ல கதை. ஆனால் 2009-ல் லண்டனில் ஓர் ஆய்வுக் குழு, அந்த ஒலியையும் மின்காந்தப் புலத்தையும் வேண்டுமென்றே எழுப்பும் ஓர் அறையைக் கட்டி 79 பேரை உள்ளே அனுப்பியபோது, விநோத உணர்வுகள் பலருக்கும் வந்தன. ஒலியோ புலமோ இருந்ததற்கும் இல்லாததற்கும் அதில் வித்தியாசம் தெரியவில்லை. எதையாவது எதிர்பார்த்து உட்கார்வதே போதுமானதாக இருந்திருக்கிறது என்பது என் கருத்து.

இனி என் துறைக்கு வருகிறேன். கிளினிக்குக்கு வந்த ஓர் இளம்பெண் சொன்னது இது. நண்பர்களோடு ஒரு பழைய ஹோட்டல் அறையில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். "நாலு மணி வரைக்கும் ஒண்ணுமே நடக்கல டாக்டர். சரின்னு சும்மா கட்டில்ல சாஞ்சேன். கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. அலமாரி பக்கத்துல ஒரு ஆள் நின்னாரு. கத்தப் பார்த்தேன், வாய் வரல. பக்கத்துல வந்து நெஞ்சுல அழுத்துனாரு."

"மல்லாந்து படுத்திருந்தீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நம் பக்கத்தில் அமுக்குவான் பேய் என்று சொல்வது இதைத்தான். மருத்துவத்தில் இதற்குத் தூக்க முடக்கம் என்று பெயர். கனவு வரும் ரெம் உறக்கத்தில், கனவில் ஓடுவதை உடல் நிஜமாகவே செய்துவிடாமல் இருக்கக் கைகால் தசைகளை மூளை செயலிழக்க வைக்கிறது. சில நேரம் விழிப்பு முந்திக்கொள்கிறது. தசைகளின் பூட்டு இன்னும் திறந்திருக்காது. கண் திறந்திருக்கும், அறை தெரியும், கனவின் மிச்சம் அந்த அறைக்குள்ளேயே நடமாடும். மூச்சு விடும் வேலையை உதரவிதானம் மட்டும் செய்துகொண்டிருக்கும். விலா எலும்புத் தசைகள் ஒத்துழைக்காததால் ஆழமாக இழுக்க முயன்றால் நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் இருக்கும். சில நொடிகள், மிஞ்சினால் ஓரிரு நிமிடம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பொதுமக்களில் சுமார் 8 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இதைச் சந்தித்திருக்கிறார்கள். மாணவர்களில் 28 சதவீதம்.

தூக்கம் கெடுவது, நேரம் தவறிப் படுப்பது, மல்லாந்து படுப்பது, மனப்பதற்றம். இதைத் தூண்டும் காரணங்கள் இவை. ரெம் உறக்கம் அதிகம் வரும் நேரமோ அதிகாலை. இரவு முழுக்க விழித்திருந்துவிட்டு, பதற்றத்தோடு, நாலு மணிக்கு உடையைக்கூட மாற்றாமல் மல்லாந்து சாய்வது இருக்கிறதே, தூக்க முடக்கத்தை வரவழைக்கச் சோதனைக்கூடத்தில் திட்டம் போட்டால் ஏறக்குறைய இப்படித்தான் போடுவோம். ஆய்வு இரவின் கால அட்டவணையே அப்படி அமைந்துவிடுகிறது.

இதற்கு மேல், அது புது இடம். பழக்கமில்லாத அறையில் முதல் இரவு தூங்கும்போது மூளையின் இடப்பக்கம் கொஞ்சம் விழிப்பாகவே காவல் இருக்கிறது என்று பிரவுன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2016-ல் காட்டியது. வெந்நீர்க் குழாய் ஆறும்போது வரும் "டக்" ஒலி, மரப்பலகை சுருங்கும் முனகல் எல்லாம் வீட்டில் தூங்குபவரை எழுப்பாது. இங்கே எழுப்பும்.

தூக்க முடக்கம் வந்தால் முழு உடலோடும் போராடாதீர்கள், பயம்தான் கூடும். மூச்சை அதன் போக்கில் விடுங்கள். ஒரு விரல் நுனியை, அல்லது கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் தொட்டால் பெரும்பாலும் விட்டுவிடும்.

போவது என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு என் யோசனை, முறை வைத்துத் தூங்குங்கள். இருவர் விழித்திருக்க, மற்றவர்கள் வேறு அறையில், ஒருக்களித்து, முழுதாக நாலைந்து மணி நேரம் தூங்கட்டும். கதை எதுவும் இல்லாத இன்னொரு அறையிலும் அதே கருவிகளை அதே நேரம் ஓடவிடுங்கள். ஒப்பிட அது இல்லாமல் எந்த அளவீட்டுக்கும் பொருளில்லை. கண்டதையும் கேட்டதையும் நேரம் போட்டுத் தனித்தனியாக எழுதுங்கள், விடியும் வரை யாரிடமும் பேசாமல். வலிப்பு நோய் உள்ளவர்கள் கண்விழிக்கவே கூடாது. தூக்கமின்மை வலிப்பைத் தூண்டும். இருமுனை மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கும் ஒரே ஓர் இரவின் விழிப்பு மிகை மனநிலையைக் கிளப்பிவிடக்கூடும். குழந்தைகளை அழைத்துப் போவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எனக்கு உண்மையில் அதிகக் கவலை தருவது மறுநாள் காலை. டாசன், ரீட் என்ற ஆய்வாளர்கள் 1997-ல் அளந்து பார்த்தார்கள்: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கை-கண் ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு இறங்குகிறது. 24 மணி நேரம் ஆனால் 0.10 சதவீத அளவுக்கு. அறையில் எதுவும் நடக்காமல் நல்லபடியாக வெளியே வந்தவர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணயர்வதற்கு இரண்டு நொடி போதும். கருவிகளைக் கட்டி வைத்துவிட்டு ஒரு தூக்கம் போட்டுக் கிளம்புங்கள், அல்லது தூங்கிய ஒருவர் ஓட்டட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஓரிரு இரவு பயம் இருப்பது இயல்பு. வாரக்கணக்கில் நீடித்தாலோ, அமுக்குவது திரும்பத் திரும்ப வந்தாலோ, பகலில் அடக்க முடியாத தூக்கம் வந்தாலோ, சிரிக்கும்போது முழங்கால் துவண்டாலோ தூக்க மருத்துவரிடம் போங்கள். கடைசி இரண்டும் நார்கோலெப்சி என்ற தூக்க நோயின் அடையாளமாக இருக்கலாம், மருந்து இருக்கிறது. தங்கிய இரவிலேயே தலைவலியும் குமட்டலும் இருந்திருந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்க் கார்பாக்சி ஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு பற்றிய ஹீமோகுளோபின்) ரத்தப் பரிசோதனை கேளுங்கள். வெளிக்காற்றைச் சுவாசிக்கும்போது நாலைந்து மணி நேரத்தில் அந்த அளவு பாதியாகிவிடும். தாமதித்தால் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். டாக்டரிடம் அறையைப் பற்றியும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்படிப் படுத்திருந்தீர்கள், ஹீட்டர் ஓடியதா, கூட இருந்தவர்களுக்கும் தலை வலித்ததா.