பேட்டரி செத்தாலும் நிற்காத இன்ஜின்

செஸ்னா 172 போன்ற சிறிய விமானம் பறந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் மொத்தமும் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ரேடியோ ஊமையாகும், விளக்குகள் அணையும், மின்சாரத்தில் ஓடும் கருவிகள் படுத்துவிடும். இன்ஜின் மட்டும் எதுவும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். காரில் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் சேர்ந்து கைவிட்டால் வண்டியை ஓரங்கட்டலாம். மேலே அதற்கு வழியில்லை. அதனால்தான் இந்த இன்ஜின்கள் தீப்பொறிக்காக பேட்டரியை நம்புவதில்லை. தமக்கு வேண்டிய பொறியைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன.

அந்த வேலையைச் செய்யும் பெட்டிக்குப் பெயர் மேக்னெட்டோ. சைக்கிள் டைனமோவைப் பார்த்தவர்களுக்குப் பாதி விஷயம் தெரிந்ததுதான்: காந்தம் சுழன்றால் பக்கத்தில் உள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கும். ஆனால் டைனமோ தருவது சில வோல்ட். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியை, அதுவும் பிஸ்டன் இறுக்கி வைத்திருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவைக்குள், பொறி தாண்டுவதற்கு ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும்.

மேக்னெட்டோவில் இரும்புத் துண்டு ஒன்றின்மேல் இரண்டு சுருள்கள் இருக்கும். ஒன்று தடித்த கம்பியில் குறைவான சுற்றுகள். மற்றொன்று மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்றுகள். இன்ஜின் சுழற்றும் காந்தம், இரும்புக்குள் காந்தப்புலத்தின் திசையை மாற்றிக்கொண்டே இருக்கும். தடித்த சுருளின் மின்சுற்று மூடியிருக்கும்போது அதில் ஓடும் மின்னோட்டம் இந்த மாற்றத்தை எதிர்த்து, பழைய புலத்தையே பிடித்துவைத்துக்கொள்ளப் பார்க்கும். காந்தம் ஒரு பக்கம் இழுக்க, சுருள் மறுபக்கம் இழுக்க, இழுபறி உச்சத்துக்கு வரும் கணத்தில் ஒரு சிறிய கேம் (மேடுள்ள சுழலும் துண்டு) வந்து, அந்த மின்சுற்றை மூடித் திறக்கும் தொடுமுனையான பாயிண்டைத் திறந்துவிடும். மின்னோட்டம் அறுந்ததும் பிடித்துவைத்த புலம் சட்டென்று சரிந்து எதிர்த்திசைக்குப் புரளும். மாற்றம் எவ்வளவு வேகமோ அவ்வளவு வோல்ட். தடித்த சுருளில் சில நூறு வோல்ட் எழுந்தால், மெல்லிய சுருளில் அது 20,000 வோல்ட் வரைகூடப் போகும். அந்தப் பொறி பாயிண்டிலேயே வெடித்து வீணாகாமல் ஒரு கண்டென்சர் பார்த்துக்கொள்கிறது. எந்த சிலிண்டருக்கு எப்போது அனுப்புவது என்பது டிஸ்ட்ரிபியூட்டரின் வேலை.

நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடினால், ஒரு மேக்னெட்டோ விநாடிக்கு 80 முறை இதைச் செய்தாக வேண்டும்.

இந்தக் கருவி விமானத்தைவிடச் சற்றே மூத்தது. ராபர்ட் போஷின் பட்டறையில் காட்லோப் ஹோனோல்ட் உருவாக்கிய உயர் மின்னழுத்த மேக்னெட்டோ 1902இல் கார்களுக்கு வந்துவிட்டது. 1903இல் ரைட் சகோதரர்கள் பறந்த இன்ஜினில் இருந்தது குறைந்த மின்னழுத்த மேக்னெட்டோதான், ஸ்பார்க் பிளக் இல்லை. சிலிண்டருக்குள்ளேயே இரண்டு முனைகள் தொட்டு விலகும்போது பொறி வரும். கிளப்புவதற்கு மட்டும் பேட்டரி; அதைத் தரையிலேயே விட்டுவிட்டுப் பறந்தார்கள்.

இன்றைய இன்ஜின்களில் எல்லாமே இரட்டை. இரண்டு மேக்னெட்டோ, சிலிண்டருக்கு இரண்டு பிளக். ஒன்று போனால் இன்னொன்று என்பது ஒரு காரணம். இன்னொன்று, இந்த சிலிண்டர்கள் அகலமானவை. லைகமிங் ஓ-320 இன்ஜினில் விட்டம் 130 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் பற்றவைத்தால் தீ சீக்கிரம் பரவி முடிகிறது. ஒரு பிளக் மட்டும் வேலை செய்தால் எரிய நேரம் பிடிக்கும், சக்தி கொஞ்சம் குறையும்.

கிளப்பும்போது ஒரு சிக்கல் உண்டு. ஸ்டார்ட்டர் சுழற்றும் வேகத்தில் காந்தம் மெதுவாகவே நகரும், பொறி வராது. வந்தாலும், ஓடும்போதைப்போல பிஸ்டன் உச்சிக்கு ஏறுவதற்கு 25 டிகிரி முன்பே வந்தால் பிஸ்டனைப் பின்னால் உதைத்துவிடும். இதற்கு இம்பல்ஸ் கப்ளிங் என்ற ஸ்பிரிங் அமைப்பு இருக்கிறது. காந்தத்தைக் கொஞ்ச நேரம் தடுத்து நிறுத்தி, ஸ்பிரிங்கை முறுக்கேற்றி, பிஸ்டன் உச்சிக்கு வரும் நேரத்தில் 'டக்'கென்று விட்டுவிடும். வேகமும் கிடைக்கிறது, பொறியும் தாமதமாகிறது. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் தானாக ஒதுங்கிக்கொள்ளும்.

சரி, தானே பொறி உண்டாக்கும் பெட்டியை எப்படி நிறுத்துவது? துண்டிக்க வெளி மின்சாரம் எதுவும் இல்லையே. சாவியை 'ஆஃப்' பக்கம் திருப்பினால், தடித்த சுருள் பி-லீட் என்ற கம்பி வழியாக இன்ஜின் உடலோடு இணைக்கப்படுகிறது. அப்புறம் பாயிண்ட் திறந்தாலும் மின்னோட்டம் அறுவதில்லை, பொறியும் இல்லை. வீட்டு சுவிட்சுக்கு நேர் எதிர்: இங்கே இணைத்தால்தான் அணையும். அந்தக் கம்பி அறுந்துபோனால் மேக்னெட்டோ நிற்காது, நிறுத்தவே முடியாததாகிவிடும். கோளாறு வந்தாலும் இன்ஜின் ஓடும் பக்கமே சாயட்டும் என்று வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது. பறக்கும்போது எனக்கு இதைவிட நல்ல ஏற்பாடு தோன்றவில்லை. தரையில்தான் வம்பு.

பறப்பதற்கு முன் விமானி செய்யும் சோதனையில் இது அழகாகத் தெரியும். செஸ்னா 172எஸ் மாடலில் இன்ஜினை 1,800 சுற்றில் வைத்து, சாவியை 'போத்'திலிருந்து (இரண்டு மேக்னெட்டோவும் வேலை செய்யும் நிலை) வலது மேக்னெட்டோவுக்கும், பிறகு இடதுக்கும் மாற்றிப் பார்ப்பார். சுற்று 150க்கு மேல் விழக்கூடாது; இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 50ஐத் தாண்டக்கூடாது. நிறைய விழுந்தால் பிளக்கில் ஈயம் படிந்திருக்கலாம்; விமானப் பெட்ரோலில் இன்னும் ஈயம் சேர்க்கிறார்கள். சுற்று கொஞ்சமும் விழாவிட்டால்? புதிதாகப் பழகுபவர் இன்ஜின் பிரமாதமாக இருக்கிறது என்று மகிழ்ந்துபோவார். உண்மையில் அதுதான் கவலைக்குரியது: அணைத்ததாக நினைத்த மேக்னெட்டோ அணையவே இல்லை, அதன் பி-லீட் எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

அப்படிப்பட்ட விமானம் சாவி கையில் இருக்க, நிறுத்திவைத்த இடத்தில் சாதுவாக நிற்கும். யாராவது புரொப்பல்லரைக் கையால் லேசாகத் தள்ளினாலும் போதும். மெதுவாகச் சுழன்றாலும் நல்ல பொறி தருவதற்கென்றே இம்பல்ஸ் கப்ளிங் இருக்கிறதே! சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சமிருந்தால் புரொப்பல்லர் அடித்துவிடும். இன்ஜினை நிறுத்த முதலில் சாவியைத் திருப்பாமல் மிக்ஸ்சர் லிவரை இழுத்து எரிபொருளை அடைப்பது இதனால்தான்.

மேக்னெட்டோவின் குறை, 25 டிகிரி என்று வைத்தால் எந்த உயரத்திலும் எந்த வேகத்திலும் அதே 25 டிகிரிதான். எலக்ட்ரானிக் இக்னிஷன் நிலைமைக்கேற்ப நேரத்தை மாற்றி எரிபொருளை மிச்சப்படுத்துகிறது. ஆனால் அவற்றில் பலவற்றுக்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். அதனால் ஒரு மேக்னெட்டோவை மட்டும் கழற்றிவிட்டு அங்கே எலக்ட்ரானிக்கைப் பொருத்தி, மற்றதை அப்படியே விட்டுவைக்கும் உரிமையாளர்கள் உண்டு. கார்புரேட்டர் வைத்த ரோட்டாக்ஸ் 912 இன்ஜினில் பாயிண்டே கிடையாது, இரண்டு எலக்ட்ரானிக் இக்னிஷன்கள்தான். இருந்தும் அவற்றுக்கான மின்சாரத்தை பேட்டரியிடம் கேட்காமல், இன்ஜினின் பின்புறம் சுழலும் காந்தங்களிலிருந்து தனிச் சுருள்கள் எடுத்துக்கொடுக்கின்றன.