இக்னிஷன் காயில் வாங்கும் முன் மீட்டரை எடுங்கள்

போன ஞாயிறு மாலை நாலு மணி இருக்கும். தெரிந்த தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணே, காடி மறுபடி நின்னு போச்சு." காராக் நெடுஞ்சாலை, கெந்திங் செம்பா ஏற்றம். 1976 எம்ஜிபி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காடி, பக்கத்து சீட்டில் ஒன்பது வயது மகள். பின்னால் மண் லாரியும் பஸ்ஸும் வரிசையாக ஏறி வருகிற அந்தச் சாலை ஓரத்தில், அப்பாவும் பிள்ளையும் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் அந்தக் காடிக்குப் போட்ட மூன்றாவது இக்னிஷன் காயிலும் போய்விட்டது. பேட்டரியின் 12 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றி, பிளக்கில் நெருப்பு தாண்ட வைப்பது அந்தக் காயில்தான்.

இரவு செந்தூலில் என் பட்டறைக்கு இழுத்து வந்து பானட்டைத் திறந்ததும் கருகிய எண்ணெய் வாடை மூக்கில் அடித்தது. தங்க நிறத்தில் பளபளவென்று ஒரு காயில். அதன் வாய்ப்பகுதியில் தகரத்தை மடித்து அடைத்திருக்கும் ஓரத்தில் உள்ளிருந்த எண்ணெய் கசிந்து, இறங்கி, கிளாம்பு வரை வழிந்து தூசியோடு ஒட்டிக்கிடந்தது. மேலே 12 வோல்ட், 40,000 வோல்ட் என்று பெரிய எழுத்து. "நல்ல பவர் காயில்னு சொன்னாங்க அண்ணே" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அப்படிச் சொல்லி விற்றவர்கள்மீதுதான் எனக்குக் கோபம், ஏனென்றால் இதே கதையோடு இந்த மாதம் மட்டும் என்னிடம் வந்த நான்காவது காடி இது.

மல்டிமீட்டரை வைத்தேன். காயிலின் பிரைமரி, அதாவது பேட்டரி கரண்ட் ஓடும் உள்சுற்று, 1.4 ஓம். சாவியைத் திருப்பி, காயிலின் மைனஸ் முனையை ஒரு வயரால் பாடியோடு சேர்த்துப் பிடித்து, பிளஸ் முனையில் பார்த்தால் முழுசாகப் பேட்டரி வோல்ட்டேஜ். விஷயம் அவ்வளவுதான், இரண்டு நிமிட வேலை. மூன்று காயில் வாங்கிய காசும், ஒரு டோவிங் செலவும், அந்தப் பிள்ளை பயந்து அழுததும் இந்த இரண்டு நிமிடத்தை யாரும் செலவழிக்காததால் வந்தவை.

விளக்கிச் சொல்கிறேன். பழைய காடிகளில் காயிலுக்குக் கரண்ட் போகும் முறை இரண்டு உண்டு. ஒன்றில் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் போகும், அதற்குப் பிரைமரி சுமார் 3 ஓம் உள்ள காயில். மற்றொன்றில் நடுவே ஒரு பேலஸ்ட் ரெசிஸ்டர் இருக்கும், அதற்குச் சுமார் 1.5 ஓம் காயில். என்ஜின் ஓடும்போது ரெசிஸ்டர் பாதி வோல்ட்டேஜைத் தின்றுவிடும். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ரெசிஸ்டரைத் தாண்டி வேறொரு வயர் வழியாகப் பேட்டரியின் முழு வோல்ட்டேஜும் காயிலுக்குப் போகும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி ஒன்பது பத்து வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறதே, அப்போதும் நல்ல நெருப்பு வரட்டும் என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது.

கலந்து போட்டால்தான் ஆபத்து. என்ஜின் ஓடும்போது 14 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 ஓம் காயிலில் நாலரை ஆம்பியர் சொச்சம் ஓடும். பேலஸ்ட் இல்லாமல் 1.5 ஓம் காயில் போட்டால் ஒன்பது ஆம்பியருக்கு மேல். காயில் கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்சான பாயிண்ட் கருகும், காயில் வேகும். என்ஜின் ஓடாமல் சாவி ஆனில் இருந்து பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால், 12 வோல்ட் கணக்கிலேயே அந்தச் சின்ன டப்பாவுக்குள் 96 வாட் சூடு. ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் சாதாரணமாக 40 அல்லது 60 வாட்தான். எண்ணெய் கசியாமல் என்ன செய்யும்?

மாற்றியும் நடக்கிறது. பேலஸ்ட் உள்ள காடிக்கு 3 ஓம் காயில் போடுவார்கள். இதில் எதுவும் வெடிக்காது, ஆனால் நெருப்பு நோஞ்சானாக இருக்கும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், ஏற்றத்தில் கால் வைத்தால் திக்கும். உடனே கார்பரேட்டரைப் பிரிப்பார்கள். பாவம் அந்த எஸ்யூ கார்பரேட்டர்கள், அவை செய்யாத குற்றத்துக்கு எத்தனை தடவை பிரிக்கப்பட்டிருக்கும்!

"என் காடியில் பேலஸ்ட் கிடையாது, நான் பார்த்துவிட்டேன்" என்று நிறைய பேர் உறுதியாகச் சொல்வார்கள். அவர்கள் தேடுவது வெள்ளைப் பீங்கான் கட்டி. டாட்சன் 240இசட் மாதிரியான காடிகளில் காயில் பக்கத்திலேயே அது கண்ணுக்குத் தெரியும், சரி. ஆனால் எம்ஜிபியில் 1974-இன் பிற்பகுதியில் ரப்பர் பம்பர் வந்த மாடலிலிருந்தும், டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1500-இலும், ரெசிஸ்டர் என்பது வயரிங் கட்டுக்குள் ஓடுகிற ஒரு வயர்தான். இளஞ்சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயர், நாடா சுற்றி உள்ளே மறைந்து போகும். கண்ணால் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள். இந்தத் தம்பியின் காடியில் இன்னொரு கூத்தும் நடந்திருந்தது. முன்பு யாரோ பாயிண்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷன் போடும்போது, அதற்கு முழு 12 வோல்ட் வேண்டும் என்று பியூஸ் பெட்டியிலிருந்து புது வயர் இழுத்து, அதையே காயில் பிளஸ்ஸிலும் மாட்டிவிட்டார்கள். காடி பிறக்கும்போது பேலஸ்ட் காடி, இப்போது அது இல்லை. அடுத்து காயில் வாங்கியவர் மாடல் வருஷத்தைச் சொல்லி வாங்கினார், கடைக்காரரும் புத்தகப்படி பேலஸ்ட் காயில் கொடுத்தார். இரண்டு பேர் சொன்னதும் சரி, காயில் மட்டும் தவறு.

அதனால்தான் சொல்கிறேன், புத்தகத்தில் என்ன போட்டிருந்தாலும் ஐம்பது வருஷக் காடியில் அதை நம்பி வாங்காதீர்கள். எத்தனை கை பட்ட வயரிங் அது. இன்று உங்கள் காடியில் என்ன இருக்கிறது என்று அளந்து பாருங்கள். அளக்கும்போதும் ஒரு பிசகு செய்வார்கள்: சாவியை ஆன் செய்து பிளஸ்ஸில் மீட்டர் வைத்து, 12 வோல்ட் காட்டுகிறது, ஆகவே பேலஸ்ட் இல்லை என்பார்கள். பாயிண்ட் திறந்திருந்தால் கரண்டே ஓடாது, கரண்ட் ஓடாவிட்டால் பேலஸ்ட் இருந்தாலும் 12 வோல்ட்தான் காட்டும்! மைனஸ் முனையைப் பாடியில் சேர்த்துப் பிடித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்போது ஆறு, ஏழு வோல்ட் வந்தால் பேலஸ்ட் உண்டு. பேட்டரியில் இருப்பது கிட்டத்தட்ட அப்படியே வந்தால் இல்லை. சில வினாடிகளுக்கு மேல் பிடிக்க வேண்டாம். காயிலின் ஓம் பார்க்கும்போது வயர்களைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடு ஒன்று தொட்டு, அது காட்டுகிற அரை ஓமோ கால் ஓமோ அதைக் கழித்துவிடுங்கள். 1.5-க்கும் 3-க்கும் நடுவில் முடிவெடுக்கும் இடத்தில் அரை ஓம் சின்ன விஷயம் இல்லை. மீட்டர் இல்லையா? புடு ஜாலான் பாசாரில் எலக்ட்ரானிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, சாதாரண மீட்டரே போதும்.

இப்போது எனக்கு மிகவும் எரிச்சல் தருகிற விஷயத்துக்கு வருகிறேன். "40,000 வோல்ட் காயில் போட்டால் பிக்-அப் ஏறும்." தயவுசெய்து இதை நம்பாதீர்கள். ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் இதைச் சொல்கிறார், நானும் ஒவ்வொரு வாரமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காயில் 40,000 வோல்ட்டை எடுத்து பிளக்கில் ஊற்றுவதில்லை. பாயிண்ட் திறந்ததும் வோல்ட்டேஜ் ஏறத் தொடங்கும், பிளக் இடைவெளியில் எப்போது நெருப்பு தாண்டுகிறதோ அந்த இடத்தில் ஏற்றம் நின்றுவிடும். இந்த என்ஜின்களில் பிளக் இடைவெளி சுமார் 0.6 மில்லிமீட்டர். அதைத் தாண்டப் பத்தாயிரம் வோல்ட் சுற்றுவட்டாரம் போதும். தைப்பூசத்தில் தேங்காய் உடைக்கிறோமே, அடி விழுந்த நேரத்தில் தேங்காய் உடைந்துவிட்டது. உங்கள் கையில் இன்னும் நாலு மடங்கு பலம் மிச்சம் இருந்தால் அந்தத் தேங்காய் இன்னும் அதிகமாக உடைந்துவிடுமா? டப்பாவில் எழுதியிருக்கும் எண் அந்த மிச்ச பலம்தான். பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றாலோ, கம்ப்ரெஷன் ஏற்றிய ரேஸ் என்ஜினாக இருந்தாலோ அது உதவும், மறுக்கவில்லை. சாதாரணமாக ஓட்டும் காடியில் ஒரு குதிரைத் திறன்கூட அது கூட்டாது. பழைய காயில் செத்துக்கொண்டிருந்ததால் புதுக் காயில் போட்டதும் காடி பறந்தது, அதைப் பார்த்துவிட்டு எண்ணின் மகிமை என்று நினைக்கிறார்கள். நல்ல சாதாரணக் காயில் போட்டிருந்தாலும் அப்படியேதான் பறந்திருக்கும்.

அந்தத் தேங்காய் உவமையில் இன்னொன்றும் இருக்கிறது. உடைக்கத் தேங்காய் இல்லாமல் ஓங்கி அடித்தால் கை எங்கே போகும்? நெருப்பு வருகிறதா பார்க்கிறேன் என்று காயிலின் உயர் வோல்ட்டேஜ் போகும் ஹைடென்ஷன் வயரைப் பிடுங்கி அந்தரத்தில் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுகிறவர்களுக்குச் சொல்கிறேன். அந்த வோல்ட்டேஜ் போக வழியில்லாமல் பிளக்குகளுக்கு நெருப்பைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டரிலோ, மூடியிலோ, காயிலுக்குள்ளேயோ ஓட்டை போட்டுக்கொண்டு போகும். எலக்ட்ரானிக் மாட்யூலும் சேர்ந்து போகும். வயர் நுனியில் ஒரு பழைய பிளக்கை மாட்டி, பிளக்கை என்ஜின் உலோகத்தில் நன்றாகத் தொடும்படி வைத்துவிட்டு, கையை எடுத்துவிட்டுச் சுற்றுங்கள்.

சரி, வாங்கப் போகிறீர்கள். பிரிட்டிஷ் காடி என்றால் லூகாஸ் எண்களைக் கேட்டு வாங்குங்கள்: டிஎல்பி 101 பேலஸ்ட் இல்லாத சாதாரணக் காயில், டிஎல்பி 105 அதே வகையில் ஸ்போர்ட்ஸ் காயில், டிஎல்பி 102 பேலஸ்ட் காயில். மூன்றின் பெட்டியிலும் 12 வோல்ட் சிஸ்டத்துக்கு என்ற பேச்சுதான் இருக்கும், அதனால் "12 வோல்ட் போட்டிருக்கு" என்பது ஒன்றையுமே சொல்லாது. வெளி ரெசிஸ்டரோடு பயன்படுத்தவும் என்று சிறிய எழுத்தில் இருக்கிறதா பாருங்கள், அப்புறம் கடையிலேயே மீட்டர் வைத்துப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், நானே வைத்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். எலக்ட்ரானிக் கிட் போட்டிருந்தால் அந்தக் கிட் எத்தனை ஓமுக்குக் குறையாமல் கேட்கிறது என்பதை முதலில் படியுங்கள். பெர்ட்ரானிக்ஸின் முதல் தலைமுறை இக்னைட்டர் நாலு, ஆறு சிலிண்டருக்கு 3 ஓம் கேட்கும். 1969 மாடலிலிருந்து சிடிஐ (கெபாசிட்டரில் சேமித்துக் காயிலுக்குள் பாய்ச்சும் இக்னிஷன்) வந்த போர்ஷே 911 வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையின் ஓம் கணக்கைத் தொடவே வேண்டாம். அங்கே காயில் வேலை செய்யும் விதமே வேறு, அதற்கென்று உள்ளதை மட்டும் போடுங்கள்.

1967 வரை வந்த எம்ஜிபி மாதிரி, பேட்டரியின் பிளஸ் பாடியோடு சேர்ந்திருக்கும் பாசிட்டிவ் எர்த் காடியை நெகட்டிவ்வுக்கு மாற்றியிருந்தால் காயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றினார்களா என்று பாருங்கள். நெகட்டிவ் எர்த் காடியில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயர் மைனஸில் இருக்க வேண்டும். மாறியிருந்தாலும் காடி ஓடும், அதனால்தான் வருஷக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் பிளக்கில் நெருப்பு தாண்டத் தேவைப்படும் வோல்ட்டேஜ் கூடிவிடும்.

சூட்டில் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆகிற காடியை நம்மூரில் உடனே பெட்ரோல் கொதிக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். ஜாலான் துன் ரசாக் ஜாமில் மதியம் நின்றால் அதுவும் நடக்கும்தான். ஆனால் நின்ற அதே நிமிடம், ஆறுவதற்குள், நெருப்பு வருகிறதா பாருங்கள். இல்லையென்றால் காயில் அல்லது பாயிண்டோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டென்சர். சூட்டில் இரண்டும் ஒரே மாதிரி நடிக்கும். கண்டென்சர்தான் விலை குறைவு, இப்போது வருகிறவற்றில் மட்டமானவையும் நிறைய, அதனால் காயிலைப் பழி சொல்லும் முன் நல்ல கண்டென்சர் ஒன்று மாற்றிப் பாருங்கள். காடி நிற்கும்போது சாவியை இக்னிஷனில் விட்டுப் பாட்டுக் கேட்பதையும் நிறுத்துங்கள், ரேடியோவுக்குத் தனி நிலை இருக்கிறது.

தம்பியின் காடிக்கு 3 ஓம் காயில் போட்டு, அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். கை வைத்தால் சுடுகிறது, ஆனால் கையை எடுக்க வேண்டிய அளவுக்கு இல்லை. காயில் உடம்பில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, "3 ஓம், பேலஸ்ட் வேண்டாம், புது வயர் பியூஸ் பெட்டியிலிருந்து" என்று மார்க்கரில் எழுதினேன். அடுத்த முறை பானட்டைத் திறக்கிறவர் நானாக இல்லாமல் போகலாம். உங்கள் காடியிலும் இன்றே அளந்து இப்படி ஒரு டேப் ஒட்டுங்கள், காடியின் பின்பக்க பூட்டில் அதே ஓமில் ஒரு ஸ்பேர் காயிலும் கண்டென்சரும் போட்டு வையுங்கள், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறவர்கள் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.