ஆர்ட்டிலரிக்குப் போகிற தம்பிகளுக்கு

ராணுவத் தேர்வுக்குத் தயாராகும் பையன்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். நான் பழைய ஆர்ட்டிலரிக்காரன், அதாவது பீரங்கிப் படைக்காரன் என்பது தெரிந்ததும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "அங்கே போட்டால் குண்டு தூக்குற வேலைதானே சார்?"

தூக்கவும் வேண்டியிருக்கும். 155 மி.மீ. குண்டு ஒன்று 40 கிலோவுக்கு மேல். ஆனால் அது எங்கே, எப்போது விழ வேண்டும் என்று முடிவு செய்வதற்கே பாதிப் படை வேலை செய்கிறது.

வழக்கமாக 6 பீரங்கி சேர்ந்தால் ஒரு பேட்டரி. 3 பேட்டரி ஒரு ரெஜிமென்ட், அதற்கு ஒரு கர்னல். சில ரெஜிமென்ட்களை ஒரு பிரிகேடியரின் கீழ் வைத்தால் அது ஆர்ட்டிலரி பிரிகேட். பல பிரிகேட்கள் சேர்ந்த காலாட்படை டிவிஷனுக்குள் இப்படி ஒன்று இருக்கும்.

பேட்டரி கமாண்டரைப் பீரங்கிப் பக்கத்தில் தேடாதீர்கள். சண்டை நேரத்தில் அவர் காலாட்படை பட்டாலியனின் தலைமை அதிகாரியான சி.ஓ. கூடவே இருப்பார். இளம் அதிகாரிகள் ரேடியோ ஆபரேட்டரோடு ஓ.பி.யாக, அதாவது இலக்கைப் பார்த்துச் சொல்பவர்களாக, முன்னால் ஏறிப் போவார்கள். பீரங்கியோ பல கிலோமீட்டர் பின்னால், மலைக்கு இந்தப் பக்கம் நின்று, இலக்கைப் பார்க்காமலே சுடும்.

சரி, பீரங்கிகளைக் காலாட்படையிடமே பிரித்துக் கொடுத்துவிட்டால் என்ன? அமெரிக்க ராணுவம் 2004க்குப் பிறகு ஏறக்குறைய அதைத்தான் செய்தது. டிவிஷன் அளவிலான ஆர்ட்டிலரி தலைமையகங்களைக் கலைத்தார்கள். சுடும் பயிற்சி பார்க்க ஆளில்லை, தரம் இறங்குகிறது என்று அவர்களுடைய அதிகாரிகளே எழுதினார்கள். 2014 வாக்கில் அந்தத் தலைமையகங்கள் திரும்பி வந்தன.

பீரங்கிகள் ஆர்ட்டிலரி பிரிகேட் கையில் இருந்தால், இன்று இந்தப் பட்டாலியனுக்குத் துணை நிற்கும் பீரங்கிகளையும் அவசரத்துக்குப் பக்கத்துச் சிகரத்தின் மேல் திருப்பலாம். 1999இல் கார்கிலில் டோலோலிங், டைகர் ஹில் தாக்குதல்களுக்கு முன் பல ரெஜிமென்ட்கள் ஒரே இடத்தில் குண்டைக் கொட்டியது இப்படித்தான். அந்தப் போரில் நம் ஆர்ட்டிலரி சுட்டது இரண்டரை லட்சம் குண்டு, ராக்கெட்டுகளுக்கு மேல். டிராஸில் 5140 என்ற உயரத்துக்கு 2022இல் 'கன் ஹில்' என்று பெயர் வைத்தார்கள். எங்களுக்குக் கொஞ்சம் தாமதமாகக் கிடைத்த மரியாதை!

இவ்வளவும் நடக்க பீரங்கியை இயக்கும் கன்னர் மட்டும் போதாது. கணக்குப் போடும் டி.ஏ. (டெக்னிகல் அசிஸ்டன்ட்), ரேடியோ ஆபரேட்டர், டிரைவர், எதிரி பீரங்கியைக் கண்டுபிடிக்கும் ரேடார்க்காரர் எல்லோரும் வேண்டும். டிரேட் (வேலைப் பிரிவு) மாறிக் கிடைத்ததே என்று முகத்தைத் தொங்கப் போட வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு முக்கோணவியலை மறக்காதவன் டி.ஏ. வேலையில் சீக்கிரம் தேறிவிடுவான். பீரங்கியை இயக்கும் குழுவான கன் டிடாச்மென்டில் போட்டால் ஒன்றே ஒன்று: காதடைப்பானைக் கழற்றிவிட்டு வீரம் காட்டாதீர்கள். போன காது திரும்ப வராது.

2025 ஜூலையில் 'திவ்யாஸ்திரா' என்று ட்ரோன் பேட்டரிகளும் அறிவிக்கப்பட்டன. அதைக் கேள்விப்பட்டு ட்ரோன் ஓட்டும் ஆசையில் வருகிற பையன்களுக்கும் நான் முதலில் மேப் வாசிக்கத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.