‘இம்ப்ரூடென்ட்’: முன்பின் பாராத

காட்பாடியில் உறவுக்காரப் பையன் ஒருவன் நண்பனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு மாட்டிக்கொண்டான். இப்போது தவணை கட்டுகிறவன் இவன்தான். அவனுடைய ஆயா கேட்டது ஒரே கேள்வி: “முன்ன பின்ன பாக்காம இன்னாத்துக்குடா கையெழுத்துப் போட்ட?”

இம்ப்ரூடென்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை.

அகராதியைப் புரட்டினால் ‘விவேகமற்ற’, ‘மதிகேடான’ என்று இருக்கும். தவறில்லை. ஆனால் அந்தச் சொல்லின் வேர் பார்வையில் இருக்கிறது. லத்தீனில் ‘ப்ரோ’ என்றால் முன்னால். ‘விதேரே’ என்றால் பார்ப்பது. (வீடியோ என்கிறோமே, அதுவும் இந்த வினைதான்.) இரண்டும் சேர்ந்த ‘ப்ரோவிதென்ஸ்’ வருவதை முன்கூட்டிப் பார்க்கிறவரைக் குறித்தது. அது குறுகி ‘ப்ரூதென்ஸ்’ ஆயிற்று. தலையில் ஒட்டிய ‘இம்’ இல்லை என்பதற்கு. ஆக, முன்னே பார்க்காதவர். ஆயா சொன்னதேதான்!

எடுத்துக்காட்டுக்கு எங்கள் வேலூர்க் கோட்டையே போதும். 1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக், சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை என்று உத்தரவு போட்டார். அதில் தோல் சின்னம் வேறு. நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது என்ற விதிகளும் வந்தன. 1806 மே மாதமே இங்கிருந்த சிப்பாய்கள் அதை அணிய மறுத்தார்கள். கசையடி கொடுத்ததோடு சரி. திப்பு சுல்தானின் பிள்ளைகளும் அதே கோட்டைக்குள்தான் காவலில் இருந்தார்கள் என்பதையாவது யோசித்திருக்கலாம். ஜூலை 10 விடியுமுன் துப்பாக்கி வெடித்தது. பிறகு கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் இங்கிலாந்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

இதை ‘அவசர முடிவு’ என்று எழுதினால் பொருந்தாது. எட்டு மாதம் அவகாசம் இருந்ததே! அவசரத்துக்கு ஆங்கிலத்தில் ‘ரேஷ்’ என்று தனிச்சொல் உண்டு. ‘முட்டாள்தனம்’ என்பதும் சரியில்லை. கெட்டிக்காரர்களும் முன்பின் பாராமல் முடிவெடுப்பார்கள். அலுவல் கடிதத்துக்கு ‘முன்யோசனையற்ற’ என்பது போதும். மற்ற இடங்களில் ‘முன்பின் பாராத முடிவு’ என்றே எழுதலாம்.

அப்புறம், ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவிலுள்ள ‘ஆர்’ எழுத்தை விட்டுவிடாதீர்கள். அது ‘இம்ப்யூடென்ட்’ ஆகிவிடும். வேறு வேர், பொருள் வெட்கங்கெட்ட. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு அப்படித்தான் ஒரு கடிதம் போனது. பதில் நாலு பக்கம் வந்தது.