மூளைக் காயத்துக்குப் பின் மாற்றுத்திறனாளி சான்றிதழ்: 40 சதவீதம் எங்கே நழுவுகிறது?

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் 21 வகைகள் உண்டு. 'மூளைக் காயம்' என்று தனியாக எதுவும் கிடையாது. "லிஸ்ட்லயே இல்லையே" என்று கவுன்ட்டரில் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். காயம் விட்டுச்சென்ற குறைக்குத்தான் சான்றிதழ். ஒரு பக்கம் கை, கால் வரவில்லை என்றால் இயக்கக் குறைபாடு. சொல்ல நினைத்த வார்த்தை வாயில் வரவில்லை என்றால் பேச்சு, மொழிக் குறைபாடு. நினைவு தவறி அன்றாட வேலைகளே முடியவில்லை என்றால் மனநோய்ப் பிரிவு. அதன் சட்ட வரையறையிலேயே நினைவாற்றல் கோளாறும் இருக்கிறது. அந்தப் பெயருக்குக் கூச்சப்பட்டு உரிமையை விட்டுவிடாதீர்கள்.

பெரிய பொறி இதுதான்: கை, காலை மட்டும் பார்த்து 30 சதவீதம் எழுதிவிடுவார்கள். 40 இல்லாவிட்டால் இடஒதுக்கீடு உட்படப் பல சலுகைகள் கைநழுவும். பேச்சுக் குறைக்கும் தனியாக 24 சதவீதம் தந்தார்கள் என்று வையுங்கள். இரண்டையும் அப்படியே கூட்ட மாட்டார்கள், சேர்ப்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு: 90-லிருந்து பெரிய எண் 30-ஐக் கழித்தால் 60. அதை 24-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 16. முப்பதோடு கூட்டினால் 46. ஆகவே யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) விண்ணப்பத்தில் எல்லாக் குறைகளையும் குறிப்பிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்தந்தத் துறை மருத்துவரின் மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

மருத்துவ போர்டு மதிப்பிடும் நாளில், "எப்படி இருக்கீங்க?" என்றால் காயம்பட்டவர் "நல்லா இருக்கேன், எல்லாம் நானே செய்றேன்" என்பார். பொய் சொல்லவில்லை, தன் குறை தனக்கே தெரியாமல் போவதும் இந்தக் காயத்தின் விளைவுதான். கூட இருப்பவர் இரண்டு வாரக் குறிப்பைத் தேதியோடு எழுதி எடுத்துப் போங்கள்: அடுப்பைப் பற்றவைத்து மறந்தது, குளிக்க எத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தது, தெருமுனையில் வழி தவறியது.

நிலை மாறக்கூடும் என்று தோன்றினால் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள். காலாவதித் தேதியைப் பார்த்து முன்கூட்டியே புதுப்பியுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதே 2016 சட்டத்தின் பிரிவு 59-இன்படி மேல்முறையீடு செய்யலாம்.

அரசு ஊழியர் என்றால் அவசரப்பட்டு விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், எவ்வளவு கனிவாகக் கேட்டாலும். பிரிவு 20(4)-இன்படி பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி. அதுவும் இல்லையென்றால் அவருக்காகவே கூடுதல் பணியிடம் உருவாக்க வேண்டும். "இன்வேலிட் பென்ஷன் (உடல்நிலையால் வேலை செய்ய முடியாதவருக்குத் தரும் ஓய்வூதியம்) வாங்கியாச்சே, இனி ஒன்றும் முடியாது" என்பார்கள். முந்தைய 1995 சட்டத்தின் இதே பாதுகாப்பு குறித்த குணால் சிங் வழக்கில், அந்த பென்ஷன் தடையாகாது என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே சொல்லிவிட்டது. மனுவில் இந்த வழக்கின் பெயரையும் எழுதுங்கள்.