பெரணி இலைக்கு அடியில் ஓர் உண்டிவில்

வாசகர் ஒருவர் பெரணி இலையைத் திருப்பிப் படமெடுத்து அனுப்பியிருந்தார். நடுநரம்புக்கு இருபுறமும் ஆரஞ்சு கலந்த பழுப்பில் வட்ட வட்டப் புள்ளிகள். "இது பூச்சியா, பூஞ்சையா? என்ன மருந்து அடிக்கலாம்?" என்பது கேள்வி.

ஒரு மருந்தும் வேண்டாம். நோய் இத்தனை ஒழுங்காக வரிசை கட்டி நிற்காது. அவை சோரஸ்கள். ஒவ்வொரு சோரஸும் வித்துப்பைகளின் கொத்து. ஒரு பைக்குள் பெரும்பாலும் 64 வித்துகள் (விதையல்ல, ஸ்போர்கள்) இருக்கும். பூவும் விதையும் இல்லாத பெரணி இந்த வித்துகளை வைத்துத்தான் பரவுகிறது. வித்து முளைத்து புரோதாலஸ் என்ற சின்னப் பச்சைத் தகடாகி, அதில் கருவுறுதல் நடந்து புதுச் செடி வரும் கதையெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே படித்ததுதான்.

படத்தில் இருந்தது பாலிபோடியேசி குடும்பத்துச் செடி. தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸ் காலத்தில் சோரஸ் வட்டமாக இருந்தாலே போதும், பாலிபோடியம் என்ற பேரினத்தில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அப்படிச் சேர்ந்த கூட்டத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டோ உறவோ இல்லாதவையும் ஏராளம். டிஎன்ஏ ஒப்பீடு வந்த பிறகுதான் கணக்கு நேரானது. பச்சை நிற வித்துகளைக் கொண்ட கிராமிட்டிட் பெரணிகளைத் தனிக் குடும்பமாக வைத்திருந்தார்கள். அவை பாலிபோடியேசியின் நடுவிலிருந்தே கிளைத்தவை என்று தெரிந்தது. உலகெங்கும் உள்ள பெரணி ஆய்வாளர்கள் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் இந்தக் குடும்பத்துக்குச் சுமார் 65 பேரினங்கள், 1,650 சிற்றினங்கள். அதில் பாதிக்கும் மேல் கிராமிட்டிட்களே.

பெரும்பாலானவை மரத்தின் மேல் வாழும் தொற்றுத்தாவரங்கள். அங்கே மண் கிடையாது, தண்ணீரும் நிலையில்லை. அதற்கு ஒவ்வொன்றும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. டிரைனேரியா சில இலைகளைப் பழுப்பாகக் காயவிட்டு, அவற்றை உதிரும் சருகைப் பிடித்து மக்கவைக்கும் கூடையாக்கிக்கொள்கிறது. லெக்கனாப்டெரிஸின் தண்டு உள்ளே வெற்றிடமாக இருக்கும். அதில் எறும்புகள் குடியிருக்கும். அமெரிக்காவின் பிளியோபெல்டிஸ் ஒன்று சருகாகச் சுருண்டு கிடந்துவிட்டு, மழை பட்டதும் மறுபடி விரியும்.

சரி, வித்துப்பைக்கு வருவோம். எனக்கு இந்தக் குடும்பத்திலேயே பிடித்த விஷயம் அதுதான்.

ஒவ்வொரு பையின் முதுகிலும் முதுகெலும்பு போல ஒரு செல் வரிசை ஓடும். பெயர் அன்னுலஸ். பன்னிரண்டு, பதின்மூன்று செல்கள்தான். அவற்றின் வெளிச்சுவர் மெல்லியது. உள்சுவரும் பக்கச்சுவர்களும் தடித்தவை. பை முற்றியதும் வெளிச்சுவர் வழியே நீர் ஆவியாகிறது. மிச்சமிருக்கும் நீர் சுவர்களை விடாமல் பிடித்து உள்ளே இழுக்க, வெளிப்பக்கம் மட்டும் குறுகுகிறது. வளைந்திருந்த அன்னுலஸ் நிமிர்ந்து, எதிர்ப்பக்கமாகவே வளைந்துவிடுகிறது. பை கிழிந்து வாய் திறக்கிறது. வித்துகள் இன்னும் நுனியில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

நீர் மேலும் குறையக் குறைய இழுவிசை ஏறுகிறது. வளிமண்டல அழுத்தத்தைப் போலக் கிட்டத்தட்ட 90 மடங்கு, ஆனால் எதிர்க்குறியில்! அந்தக் கட்டத்தில் நீரின் பிடி அறுந்து, செல்களுக்குள் சட்டென்று குமிழிகள் தோன்றுகின்றன. இழுத்துப் பிடித்த விசை ஒரே நொடியில் காணாமல் போக, அன்னுலஸ் பழைய நிலைக்குத் துள்ளுகிறது. வித்துகள் நொடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் பறக்கின்றன. அவை உணரும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஒரு லட்சம் மடங்கு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உண்டிவில்லில் ரப்பர் முன்னால் வந்து நின்றுவிடுவதால்தான் கல் தனியே பறக்கிறது. அன்னுலஸை நிறுத்த எதுவும் இல்லையே! அது முழுசாக மூடிக்கொண்டால் வித்துகளும் உள்ளேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். 2012-இல் சேவியர் நோபிளின் என்ற பிரெஞ்சு இயற்பியலாளரின் குழுவினர், இதே குடும்பத்துப் பெரணி ஒன்றை அதிவேகக் கேமராவில் பிடித்து விடை சொன்னார்கள். மூடுவது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில், மூட வேண்டிய தூரத்தில் மூன்றில் ஒரு பங்கை மைக்ரோ நொடிகளிலேயே (நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கடக்கும் பாய்ச்சல். அதன் பிறகு, சுவர்களின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து நகர்ந்தாக வேண்டும் என்பதால் மிச்ச தூரம் ஆமை வேகம். முதல் கட்டம் திடீரென்று தடைபடும்போதே வித்துகள் தெறித்துவிடுகின்றன. தடுப்புக்கட்டை என்று தனி உறுப்பே தேவைப்படவில்லை.

பையைத் திறப்பது வறண்ட காற்று; அதுதான் வித்து மிதந்து போகவும் ஏற்றது. பாய்ச்சல் இலைப்பரப்பை ஒட்டிய அசையாத காற்றைத் தாண்டினால் போதும், மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

கண்ணுக்குத் தெரியாத பெரணி விதையைக் கோடைப் பண்டிகை இரவில் சேகரித்தால் நாமும் மறைந்துவிடலாம் என்று ஐரோப்பாவில் வெகுகாலம் நம்பினார்கள். ஒரு லென்ஸ் அந்த நம்பிக்கையைத் தீர்த்துக்கட்டியிருக்கும். இன்றைக்கு மாயம் கேட்பவர்கள் குறைந்து, "இதனால் என்ன லாபம்?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். பெரணி ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் முதலில் வருவது அந்தக் கேள்விதான். மோட்டாரும் மின்சாரமும் இல்லாமல், வெறும் நீர் ஆவியாவதை வைத்தே இயங்கும் ஒரு பொறி இது. அதைப் புரிந்துகொள்வதைவிடப் பெரிய லாபம் என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி கேட்டவருக்கு ஒரு யோசனை. புள்ளிகள் நன்றாகப் பழுத்ததும் ஒரு துண்டு இலையைப் புள்ளிகள் மேலே தெரியும்படி வெள்ளைத் தாளில் வைத்து, மேசைவிளக்கின் சூடு படும்படி காட்டி லென்ஸால் பாருங்கள். பைகள் நிமிரும், அப்புறம் ஒவ்வொன்றாகத் துள்ளத் தொடங்கும். மூக்கை ரொம்பக் கிட்டே கொண்டுபோக வேண்டாம்.