போர்வெல் உப்பைக் கணிக்கும் மாடல்: பட்டைப் படத்தை எப்படிப் படிப்பது?

பாலாற்றுப் படுகையில் ஒரு போர்வெல்லின் டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகள் முதலியவற்றின் மொத்த அளவு) லிட்டருக்கு 2150 மில்லிகிராம் இருக்கும் என்று மெஷின் லேர்னிங் மாடல் கணிக்கிறது என வைத்துக்கொள்வோம். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் விரும்பத்தக்க வரம்பு 500. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். இரண்டையும் தாண்டிவிட்டது. ஏன் என்று கேட்கத்தானே செய்வார்கள்?

ஷாப் (SHAP) முறை இதற்குக் கணக்குக் காட்டும்: ஒவ்வொரு காரணியும் கணிப்பை எவ்வளவு கூட்டியது, குறைத்தது என்று ஒவ்வொரு பட்டையாக வரையும்; கூட்டினால் சிவப்பு, குறைத்தால் நீலம். பின்னணியாக நாம் கொடுத்த கிணறுகளுக்கு மாடல் தரும் சராசரிக் கணிப்பு 1400 என்றால் அதுதான் தொடக்கம். தோல் தொழிற்சாலை பக்கத்தில் இருப்பதால் +480, ஆழம் குறைவு என்பதால் +310, மழையால் −40. கூட்டினால் 2150. கூட்டல் சரியாக வராவிட்டால் மேற்கொண்டு எதையும் படிக்க வேண்டாம், நிரலில் (கோடில்) பிழை இருக்கிறது.

பின்னணிக் கிணறுகளைத் தேர்வதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாணியம்பாடித் தொழிற்சாலைகளை ஒட்டிய கிணறுகளை மட்டும் கொடுத்தால் தொடக்கமே 2300 ஆகிவிடலாம். அவற்றோடு ஒப்பிட்டால் நம் கிணறு தொழிற்சாலைக்குத் தள்ளி இருக்கிறது; சிவப்பாக இருந்த தூரப் பட்டை நீலமாகிவிடும். தண்ணீரும் அதேதான், மாடலும் அதேதான். எந்தக் கிணறுகள் பின்னணி என்பதைப் படத்தின் கீழேயே எழுதிவிடுங்கள்.

இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. ஆம்பூர்க் கிணறு பழைய பதிவில் ‘வேலூர்’, புதிய பதிவில் ‘திருப்பத்தூர்’. மாவட்டப் பட்டை திடீரென நீண்டால் மாடல் அதில் ஊரைப் படிக்கவில்லை, ஆண்டைப் படிக்கிறது என்று சந்தேகப்படுங்கள். (ஆண்டு நெடுவரிசையை நீக்கிவிட்டோமே என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் இதில் மாட்டுவார்கள்.) அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து எல்லாப் பதிவுகளையும் இன்றைய எல்லைக்கு மாற்றி, மறுபடி பயிற்சி கொடுத்துப் பாருங்கள். பட்டை சுருங்கினால் சந்தேகம் சரி.

தோல் தொழிற்சாலைகள் பலவும் பாலாற்றை ஒட்டியே இருப்பதால் ஆற்றின் தூரமும் தொழிற்சாலையின் தூரமும் சேர்ந்தே கூடிக் குறையும். ஒரு நெடுவரிசையின் மதிப்புகளைக் கிணறுகளுக்குள் மாற்றிப் போட்டுக் கலைத்து, கணிப்பு எவ்வளவு கெடுகிறது என்று பார்ப்பது பெர்முட்டேஷன் முறை. அதில் ஒன்றை மட்டும் கலைத்தால் மற்றது ஈடுகட்டிவிடும். இரண்டுமே முக்கியமில்லை என்று படம் சொல்லும். இரண்டையும் ஒன்றாகக் கலையுங்கள்.

ஆழப் பட்டை +310 காட்டுகிறதே என்று, போரை ஆழப்படுத்தினால் உப்பு 310 குறையும் என யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். பச்சைத்தோல் கெடாமலிருக்கத் தடவிய உப்பு, ஊறவைக்கும் தண்ணீரில் இறங்கி நிலத்துக்குள் போனது மாடலுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் நாம் கொடுத்த நெடுவரிசைகள்.

‘2000-ஐத் தாண்டுமா, தாண்டாதா’ என்று மட்டும் சொல்லும் மாடலானால், எக்ஸ்ஜிபூஸ்டில் (முடிவு மரங்களைக் கொண்டு கணிக்கும் ஒரு மென்பொருள்) பட்டைகள் வழக்கமாக லாக்-ஆட்ஸ் அளவில் வரும்; அதாவது தாண்டும் வாய்ப்புக்கும் தாண்டாத வாய்ப்புக்கும் உள்ள விகிதத்தின் மடக்கை. 0.7 என்றால் 70 சதவீதம் என்று படிக்கக் கூடாது.

காரணம் காட்டும் இன்னொரு முறையான லைம் (LIME), கிணற்றைச் சுற்றிக் கற்பனைக் கிணறுகளைத் தற்செயலாக உருவாக்கிக் காரணம் தேடுகிறது. ஒரே கிணற்றுக்கு சீட் எண்ணை (தற்செயல் தேர்வைத் தொடங்கிவைக்கும் எண்) மாற்றி ஐந்தாறு முறை ஓட்டுங்கள். முதலிடத்துக் காரணி ஒவ்வொரு முறையும் மாறினால் அந்தப் படத்தை அறிக்கையில் சேர்க்க வேண்டாம்.